கோப்பித் துரையும் வெள்ளிக் கிண்ணமும்

விம்பிள்டன் ரென்னிஸ் போட்டியில் ஆண்களுக்கான தனியாட்டத்தில் வென்றோர் பட்டியலை எடுத்துப் பார்ப்போமானால், முதலாவதாக ஸ்பென்சர் கோர் என்பாரின் பெயரும் இரண்டாவதாக பிராங்க் ஹடோ என்பாரின் பெயரும் காணப்படும். முன்னவர் 1877ஆம் ஆண்டிலும் பின்னவர் 1878ஆம் ஆண்டிலும் வென்றவர்கள். விளையாட்டு நூல்கள் ஹடோவுக்கு ஒரு பந்திக்கு மேல் இடங்கொடுப்பது அரிது. அந்த ஒரு பந்தியிலே, போகிற போக்கில், அவர் இலங்கையில் கோப்பித் தோட்டக்காரராக இருந்தவர் என்ற குறிப்பு இருக்கும். பிறநாட்டு வாசகர் அதனை எளிதாகக் கடந்து போய்விடுவர். எம்மால் அப்படிக் கடந்துபோக இயலவில்லை. 1878ஆம் ஆண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டம் என்றால், அங்கே காடு வெட்டியவர் யார், கோப்பி பறித்தவர் யார் என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. ஆகவே இம்மலரில் ஹடோவின் வரலாற்றைச் சற்று விரித்து எழுத விழைந்தோம்.

பற்றிக் பிரான்சிஸ் ஹடோ என்பது அவரது முழுப்பெயர். 1855ஆம் ஆண்டு சனவரி 24ஆந் திகதி இலண்டனிலே பிறந்தார். குடும்பம் செல்வாக்குள்ள குடும்பம். தந்தையார் பி அண்ட் ஓ கப்பற் கம்பனியின் தலைவராக விளங்கியவர். கீழைத் தேசங்களுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தபாலும் பிரயாணிகளும் போய்வந்தது பெரும்பாலும் அக்கம்பனியின் கப்பல்களிலேயே. கொழும்புத் துறைமுகம் அலைதடுப்பு அணை பெற்றுச் சிறப்படையுமுன், அக்கப்பல்கள் காலித் துறையிலே வந்து தரித்துச் சென்றன. இலங்கை என்ற பெயர் ஹடோ வீட்டுப் பிள்ளைகளின் செவிக்குப் புதிதாய் இருந்திராது.

அக்குடும்பத்தை இன்று உலகம் நினைவிற் கொண்டிருப்பது ரென்னிஸ் காரணமாகவன்று. ஒரு பெருந் துயரங் காரணமாகவே. பிராங்கின் மூத்த சகோதரரான டக்ளஸ் ஹடோ, 1865ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி, அதுவரை எவரும் ஏறியிராத மற்றர்ஹோண் சிகரத்தை எட்வேட் விம்பர் முதலிய எழுவருள் ஒருவராக ஏறி முடித்தார். அப்போது அவருக்கு வயது 19. மலையேற்றத்திற் பயிற்சி குறைந்தவர். இறங்கும்போது அவர் கால் வழுக்கிற்று. ஒரே கயிற்றிற் கட்டப்பட்டிருந்த மூவரையும் இழுத்துக்கொண்டு அவர் வீழ்ந்தார், இடையிலே கயிறு அறுந்தது, நால்வர் மாண்டனர். அச்செய்தி ஐரோப்பா எங்கணும் பரவியபோது பிராங்க் பத்து வயதுச் சிறுவர்.

பிராங்க் ஹாரோ கல்லூரியிற் பயின்றார். ஆங்கிலப் பெருமக்களின் பிள்ளைகள் பயிலும் கல்லூரி அது. கிரிக்கெற், சுவரில் பந்தெற்றி ஆடும் இராக்கெற்ஸ் ஆகிய இரண்டிலும் அக்கல்லூரி பேர்போனது. ஹடோ சகோதரர் பலர் கிரிக்கெற் வீரர்கள். மிடில்செக்ஸ் மாகாண அணிக்கு ஆடியவர்கள். பிராங்கும் அவ்வணியில் ஆடியதுண்டு. ஆனால் விளையாட்டைத் தம் வாழ்வாக்கிக்கொள்ளும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததாகத் தோன்றவில்லை. படிப்பு முடிந்ததும், அக்காலத்துப் பெருங்குடும்பங்களின் இளைய புதல்வர் பலர் செய்தவாறே, அவரும் கடல்கடந்து வந்து இலங்கையிற் கோப்பித் துரையானார்.

கோப்பிக்காலம் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அது ஏறத்தாழ 1830ஆம் ஆண்டுகளில் தொடங்கி 1880ஆம் ஆண்டுகளில் முடிந்த காலம். கண்டியைச் சூழ்ந்த மலைகளும், அவற்றுக்கு அப்பால் ஊவா வரையுள்ள சரிவுகளும் காடழிக்கப்பட்டுக் கோப்பி நாட்டப்பட்டன. 1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் கோப்பியின் பொருட்டே. 1870ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் சுமார் 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. துரைமார் பலர் இருபதும் இருபத்தைந்தும் வயதுடைய இளைஞர்கள். விடியற்காலையிற் பெரட்டுக்கு நின்று ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புவதும், குதிரையேறி மலைக்கு மலை திரிவதும், தனியே பங்களாவில் இருந்து கணக்கெழுதுவதுமாக அவர்களுடைய நாட்கள் கழிந்தன. எளிய வாழ்க்கை என்று நாம் சொல்லமாட்டோம். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் மாண்ட துரைமாரின் கல்லறைகள் மலைநாட்டுக் கோயிற் சுற்றாடல்களில் இன்றும் இருக்கின்றன.

ஆயினும் அவர்களுக்குக் கல்லறையாவது இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தோர் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் பின்னே வந்தோர். கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுவழியே கால்நடையாக மலையேறினர். நீரில்லா வழியிலே பேதியிலும் அம்மையிலும் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டனர். கோப்பி பறிக்கும் காலத்துக்கு வருவதும், பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்புவதும் அவர்களிற் பெரும்பாலோரின் வழக்கமாயிருந்தது. ஆனால் 1876ஆம் ஆண்டிலே தாது வருடப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்திற் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோன பஞ்சம் அது; 1878 வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் மலைநாட்டுத் தோட்டங்களை நோக்கி முன்னெப்போதுமில்லாத அளவில் மக்கள் வந்தனர். கூலிக்காக வந்தோர் என்பதிலும், சோற்றுக்காக வந்தோர் என்பதே பொருந்தும். அவர்தம் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற வரலாறு வேறொரு கட்டுரைக்கு உரியது.

அந்தப் பஞ்சக் காலத்திலேதான், 1878ஆம் ஆண்டு, இருபத்து மூன்று வயதினரான ஹடோ துரை விடுமுறை பெற்று இங்கிலாந்து சென்றார்.

அங்கே அப்போது ஒரு புதிய ஆட்டம் பரவிக்கொண்டிருந்தது. மண்டபங்களுக்குள் அரசரும் பிரபுக்களும் ஆடிவந்த பழைய ரென்னிஸ் ஆட்டத்தைப் புற்றரைக்குக் கொணர்ந்து, வலையும் மட்டையும் இரப்பர்ப் பந்தும் ஒரே பெட்டியில் வைத்து விற்பனை செய்தவர் மேஜர் விங்பீல்ட் என்பவர். 1874ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கிரேக்கச் சொல்லொன்றை அதற்குப் பெயராக இட்டார். அப்பெயர் எவர் நாவிலும் நுழையவில்லை. ஆட்டம் மாத்திரம் நிலைத்தது. விம்பிள்டனில் வேர்பிள் வீதியில் இருந்த குரோக்கேக் கழகம் தன் புற்றரைகளிற் சிலவற்றை இதற்கு ஒதுக்கிற்று. குதிரை இழுக்கும் உருளை பழுதாகிவிட, அதனைத் திருத்தப் பணந் திரட்டவே முதற் போட்டி நடத்தப்பட்டது என்று சொல்வர்.

1877ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி அப்போட்டி தொடங்கிற்று. பங்குபற்றியோர் 22 பேர். நுழைவுக் கட்டணம் ஒரு கினி. இடையில் ஈற்றன், ஹாரோ கல்லூரிகளின் கிரிக்கெற் போட்டி வந்தபடியால் ரென்னிஸ் ஒத்திவைக்கப்பட்டது. எது பெரிது, எது சிறிது என்பதில் அன்று எவருக்கும் ஐயமிருக்கவில்லை. பின்னர் மழையும் குறுக்கிட்டது. இறுதியில் ஸ்பென்சர் கோர் வென்றார். அவரும் ஹாரோ மாணவர். அக்கல்லூரியின் கிரிக்கெற் தலைவராயிருந்தவர்.

கோரின் ஆட்டமுறையை இங்கே சொல்லாவிடின் ஹடோ செய்தது விளங்காது. அக்காலத்து வலை இன்றுள்ளது போன்றதன்று. நடுவிலே மூன்றடி உயரம். இரு கரைகளிலும் 1878ஆம் ஆண்டில் நான்கடி ஒன்பது அங்குலம். இன்று கரையில் மூன்றரை அடியே. ஆகவே பந்தை ஓரமாக அடித்துக் கடத்துவது மிகக் கடினம். பெரும்பாலும் நடுவாகவே அடிக்கவேண்டும். எல்லோரும் பின்கோட்டிலே நின்று, பந்து ஒரு முறை நிலத்திற் பட்டு எழும்வரை பொறுத்து, அமைதியாக அடித்துக்கொண்டிருந்தார்கள். கோர் மாத்திரம் வலைக்கு அண்மையில் வந்து நின்றார். நெடிய கை. நடுவாக வரும் பந்தை நிலத்தில் விழுமுன்னரே மறித்து, ஒருமுறை வலப்பக்க மூலைக்கும் மறுமுறை இடப்பக்க மூலைக்குமாகத் தட்டிவிடுவார். எதிரி இங்குமங்கும் ஓடி இளைத்துப்போவார். வாசலிலே நின்று மறிப்பவனைப் போல நின்ற அவரைக் கடப்பதற்கு அவ்வாண்டில் எவருக்கும் வழி தெரியவில்லை.

1878ஆம் ஆண்டுப் போட்டியில் 34 பேர் பெயர் கொடுத்தனர். ஹடோவும் கொடுத்தார். ரென்னிஸ் மட்டையைப் பல ஆண்டு பிடித்துப் பழகியவரல்லர். ஆனால் கிரிக்கெற்றிலும் இராக்கெற்ஸிலும் தேறிய கண்ணும் கையும் அவருக்கு இருந்தன. சுற்றுக்குச் சுற்று வென்று, கடைசியாக ரொபேட் எர்ஸ்கின் என்பவரை 6–4, 6–4, 6–4 என வென்றார். அவ்வாண்டிலே ஒரு புதிய ஏற்பாடு செய்திருந்தனர். முந்திய ஆண்டு வென்றவர் ஒரு சுற்றும் ஆடவேண்டியதில்லை; மற்றோருள் இறுதியில் எஞ்சுபவர் வந்து அவரை அறைகூவவேண்டும். ஆகவே களைப்பறியாத கோர் காத்திருந்தார். பல ஆட்டம் ஆடி வந்த ஹடோ அவர்முன் சென்று நின்றார்.

கோர் வழக்கம்போல் வலைக்கு வந்தார். ஹடோ பந்தை அவருக்கு வலத்தே அடிக்கவில்லை, இடத்தே அடிக்கவில்லை, அவர் தலைக்கு மேலாக, கைக்கு எட்டாத உயரத்தில் எற்றிவிட்டார். அது மெல்லச் சென்று பின்கோட்டுக்கு அருகே வீழ்ந்தது. கோர் திரும்பி ஓடினார். மீண்டும் வலைக்கு வந்தார். மீண்டும் பந்து தலைக்கு மேலே போயிற்று. லொப் என்று இன்று வழங்கும் அவ்வடியை ஹடோவே கண்டுபிடித்தார் என நூல்கள் எழுதுகின்றன. பந்தை மேலே எற்றுவது எந்தச் சிறுபிள்ளையும் செய்யக்கூடியதாகையால் அதனைக் கண்டுபிடிப்பென்று சொல்ல நாம் தயங்குகின்றோம். ஆனால் அது பயந்தவன் அடிக்கும் அடியன்று, வலையில் நிற்பவனைப் பின்வாங்கச் செய்யும் படைக்கலம் என்பதை விம்பிள்டனில் முதலிற் காட்டியவர் ஹடோ. அதை மறுப்பதற்கில்லை. முதற் செற் 7–5. கோர் தடுமாறிய இரண்டாவது 6–1. மூன்றாவதிலே அவர் வீறுகொண்டு நிமிர்ந்தார். எனினும் 9–7 என அதுவும் ஹடோவுக்கே போயிற்று. தாம் ஆடிய ஒரேயொரு விம்பிள்டனில் ஹடோ ஒரு செற்றேனும் தோற்றாரல்லர்.

தோற்ற கோர் பின்னர் 1890ஆம் ஆண்டிலே வெளிவந்த நூலொன்றில் இவ்வாட்டத்தைப் பற்றி எழுதும்போது, கிரிக்கெற் போன்றவற்றிலே தேர்ந்தவர் எவரும் இதனைத் தொடர்ந்து ஆடமாட்டார், இதன் ஒரே மாதிரித் தன்மை சலிப்பூட்டும் என்ற கருத்தை வெளியிட்டார். ஹடோவோ எழுதிக் காட்டவில்லை, செய்து காட்டினார். கிண்ணத்தை வென்ற கையோடு மட்டையை வைத்துவிட்டு, விடுமுறை முடிய இலங்கைக்குக் கப்பலேறினார்.

ஊதியங் கருதாது விருப்பத்துக்காக ஆடுபவரை அமெச்சூர் என்பர். அன்பு செலுத்துபவர் என்பதே அச்சொல்லின் மூலப் பொருள். அக்காலத்து விம்பிள்டன் அமெச்சூர்களுக்கு மாத்திரமே திறந்திருந்தது. பணத்துக்கு ஆடுவது இழிவு என்று கருதப்பட்டது. அக்கொள்கையிலே ஓர் அழகு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. வென்றும் வெற்றியைப் பற்றிக்கொள்ளாத ஹடோவைப் போன்ற ஒருவரை இக்காலத்திற் காண்பது அரிது. ஆனால் பணத்துக்கு ஆடாதிருப்பதற்கும் பணம் வேண்டும். ஒரு கினிக் கட்டணமும், மாதக்கணக்கான விடுமுறையும், கப்பற் பிரயாணமும் எவரோ உழைத்த உழைப்பிலிருந்து வந்தாக வேண்டும். ஹடோவின் ஓய்வுக்கு விலை கொடுத்தது குடும்பச் செல்வத்தோடு கோப்பியும் ஆகும். கோப்பியைப் பறித்த கைகள் எவருடையவை என்பதை மேலே சொன்னோம்.

இதனை ஹடோ மீது குற்றமாக நாம் எழுதவில்லை. அவர் தம் காலத்து மனிதர். வேறோர் ஒப்பீடு எம் மனத்தில் எழுந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. 1879ஆம் ஆண்டில் ஹடோ விம்பிள்டனுக்கு வரவில்லை. வராதவருக்காக இடம் காத்திருந்தது; அவரை அறைகூவ வேண்டியவர் ஆட்டமின்றியே வென்றவராக அறிவிக்கப்பட்டார்; ஹடோவின் பெருமைக்கு ஓர் இழுக்கும் நேரவில்லை. அதே காலத்தில் மலையிலே பெரட்டுக்கு வராத தொழிலாளிக்குச் செக்றோலிற் பெயர் விழாது. அன்றைய கூலி இல்லை. பிந்தி வந்தாலும் பெயர் வெட்டுத்தான்.

அவ்வாறு ஆட்டமின்றி வென்றவர் ஜோன் ஹாட்லி என்ற பாதிரியார். இவரும் ஹாரோ மாணவரே. முதல் மூன்று ஆண்டு வெற்றியும் ஒரே கல்லூரிக்குப் போயிற்று. தாம் அவ்வளவு தூரம் வருவோமென எண்ணாத ஹாட்லி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாற்று ஆள் வைக்கவில்லை. போட்டியின் நடுவிலே யோக்சயர் சென்று, பூசையை முடித்து, திங்கட்கிழமை திரும்பிவந்து ஆடினார் என்பது வரலாறு. இறுதியில் அவரிடம் தோற்றவர் வெரே கூல்ட் என்ற ஐரிஷ்காரர். அவர் 1907ஆம் ஆண்டில் மொன்ரி காளோவிலே ஒரு பெண்ணைக் கொன்ற குற்றத்துக்கு ஆளாகி, 1909ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரின் சைத்தான் தீவிலே கைதியாக இறந்தார். பெருங்குடிமக்களின் ஆட்டமென்று பேர்பெற்ற விளையாட்டின் தொடக்கத்திலே பாதிரியும் கொலைஞனும் ஒரே களத்தில் எதிரெதிரே நின்றது விந்தையே.

ஹடோ திரும்பிவந்த இலங்கை செழிப்பின் விளிம்பில் நின்ற இலங்கை. கோப்பி இலையில் மஞ்சட் புள்ளியாய்த் தோன்றும் துருநோய் 1869ஆம் ஆண்டிலேயே மடுல்சீமைப் பக்கத்திற் காணப்பட்டது. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் விளைச்சல் குறைவது எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. நோய் பிடித்த நிலத்துக்கு ஈடாகப் புதுக்காடு வெட்டினார்கள். ஹெமிலியா என்ற அதன் சாத்திரப் பெயரைத் துரைமார் எமிலி என்று திரித்து, நாசகாரி எமிலி எனப் பகடி பேசினர். பகடி நெடுநாள் நீடிக்கவில்லை. நோயை ஆராய 1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி அனுப்பப்பட்டார். நோயின் இயல்பை அவர் தெளிவாக அறிந்து சொன்னார், மருந்துதான் கிடைக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் வெறுங்கையோடு ஊர் திரும்பினர். கோப்பி மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. பல தோட்டங்களிலே கூலி மாதக்கணக்கில் நிலுவையாய் நின்றது. கொயினாவும் பின் தேயிலையும் அவ்விடத்தைப் பிடித்தன. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தபடியால், பருவத்துக்கு வந்துபோன நம்மவர் லயங்களில் நிலையாகத் தங்கினர்.

ரென்னிஸ் உலகம் ஹடோவை மறந்து முன்னேறிற்று. வலையின் உயரத்தைக் குறைத்தனர். 1880ஆம் ஆண்டுகளில் ரென்சோ சகோதரர் தலைக்கு மேலே வரும் பந்தையும் ஓங்கி அடித்து வீழ்த்தக் கற்றனர். ஹடோவின் படைக்கலத்துக்கும் மாற்று வந்தது. 1922ஆம் ஆண்டில் போட்டி வேர்பிள் வீதியை விட்டு, இன்றுள்ள சேர்ச் வீதிக்குப் போயிற்று.

1926ஆம் ஆண்டு யூன் மாதத்திலே விம்பிள்டன் பொன்விழாக் கொண்டாடிற்று. உயிரோடிருந்த பழைய வெற்றியாளர் எல்லோரும் அழைக்கப்பட்டனர். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி இராணியும் முன்னிலையிற் பதக்கம் வழங்கப்பட்டது. வந்திருந்தோருள் யாவரினும் முற்பட்ட ஆண்டில் வென்றவர் எழுபத்தொரு வயதினரான ஹடோ. அவர் ஆடிய புற்றரை அங்கில்லை. அவர் அறிந்த வலையும் இல்லை. சில நூறு பேர் நின்று பார்த்த ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் ஆசனங்களில் அமர்ந்திருந்தனர். அதே ஆண்டில் பிரெஞ்சு வீராங்கனை சுசான் லெங்லென் ஓர் அமெரிக்கரோடு ஒப்பந்தஞ் செய்து பணத்துக்கு ஆடப் போனார். அவ்வாறு போனவர்க்கு விம்பிள்டன் வாயில் அடைபட்டது. அது திறக்க 1968ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது.

ஹடோ மேலும் இருபது ஆண்டு வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக விம்பிள்டன் ஆறு ஆண்டு நின்றுபோயிற்று. 1940ஆம் ஆண்டிலே நடுவரங்கத்தின் மீது குண்டு விழுந்து சுமார் 1,200 ஆசனங்கள் அழிந்தன. 1946ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அச்சேதம் திருத்தப்படாத நிலையிலேயே, போட்டி மறுபடியும் தொடங்கிற்று. அது நடந்துகொண்டிருந்தபோதே, யூன் 29ஆந் திகதி, சோமசெற் மாகாணத்து பிறிட்ஜ்வோட்டர் ஊரிலே ஹடோ காலமானார். வயது 91. பட்டியலிலே அவர் பெயருக்கு நேரே 1878 என்ற ஓராண்டு மாத்திரம் நிற்கின்றது.